சீலியாக் நோயுள்ளவர்கள் மதுவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் சேதமடையும் சீலியாக் நோய் உறுதியானதும் வீட்டில் எல்லாரும் தட்டைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். சப்பாத்தி, பரோட்டா, ரவை உப்புமா, சேமியா, பிஸ்கட் என்று விலக்க வேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். குவளையில் ஊற்றிக் குடிப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மது அருந்தும் பழக்கம் உள்ளவர் அதை மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறார். பல நேரங்களில் மருத்துவரும் தாமாகக் கேட்பதில்லை. இந்த மௌனத்தினால், உணவில் ஒரு துளி கோதுமையும் சேராமல் பார்த்துக்கொள்ளும் ஒருவர், வார இறுதியில் ஒரு பாட்டில் பீர் மூலம் அந்த வாரத்தின் கவனம் முழுவதையும் வீணாக்கிவிட முடியும்.

தென்னிந்தியாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதலாக இருக்கிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் காணப்படும் சீலியாக் நோய், தெற்கில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. எனவே நம் ஊரில் மதுக்கூடப் பணியாளரிடமோ கடைக்காரரிடமோ ‘இதில் குளூட்டன் இருக்கிறதா?’ என்று கேட்டால், பொருளுள்ள பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பதிலைக் கண்டுபிடிக்கும் முறையை நாமே கற்றுக்கொள்வதுதான் வழி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது. இதுவரை குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அருந்துபவர், குளூட்டன் என்ற கூடுதல் ஆபத்தை எப்படித் தவிர்ப்பது என்பதுதான் இங்கே பேசப்படுகிறது.

முதல் படி: உடல் தயாரா என்று பார்ப்பது

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதங்களின் பொதுப்பெயர். சீலியாக் நோயுள்ளவரின் எதிர்ப்பாற்றல் மண்டலம் இந்தப் புரதத்தைச் சாக்காக வைத்துத் தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடுவதால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், கால்சியம் போன்றவை சரியாக உறிஞ்சப்படுவதில்லை; இரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் அதனால் வருபவை. நோய் கண்டறியப்படும்போது பலருக்குக் கல்லீரல் நொதிகளும் இயல்பைவிடக் கூடியிருக்கும். குளூட்டனை நிறுத்திய சில மாதங்களில் அவை பெரும்பாலும் தாமாகவே இறங்கிவிடும்.

மது இந்த இடங்கள் அனைத்திலும் கைவைக்கக்கூடியது. கல்லீரலைச் சுமைப்படுத்தும், ஃபோலிக் அமிலத்தைக் குறைக்கும், எலும்பை வலுவிழக்கச் செய்யும். ஆகவே நோய் கண்டறியப்பட்ட புதிதில், குடல் ஆறிவரும் காலம் முழுவதும் மதுவை அறவே நிறுத்திவைப்பதே நல்லது என்பது என் கருத்து. இதில் நடைமுறைப் பயனும் உண்டு. மதுவே வயிற்றைக் கலக்கக்கூடியது என்பதால், வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் அதற்குக் காரணம் குளூட்டனா மதுவா என்று பிரித்தறிய முடியாமல் போகும். கல்லீரல் நொதிகள் இயல்புக்கு வந்துவிட்டன, இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் அளவு இறங்கிவருகிறது என்று தெரிந்த பிறகு, மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: மூன்று கேள்விகள்

எந்த நாட்டின் எந்த மதுவாக இருந்தாலும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். இது எந்தப் பொருளை நொதிக்க வைத்துச் செய்யப்பட்டது? நொதித்த பிறகு காய்ச்சி வடிக்கப்பட்டதா? வடித்த பிறகு, அல்லது நொதித்த பிறகு, இதில் வேறு என்ன சேர்க்கப்பட்டது? மதுவின் பெயரோ நிறமோ விலையோ இக்கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. ‘அரிசி மது’ என்ற பெயருக்குள் கோதுமை ஒளிந்திருக்கக்கூடும். கோதுமையில் செய்த வோட்காவில் குளூட்டன் இல்லாமலும் இருக்கும்.

முதல் கேள்விக்குக் கரும்பு, திராட்சை, ஆப்பிள், முந்திரிப்பழம், தென்னை, பனை, அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, நீலக்கற்றாழை என்று பதில் வந்தால் தொடக்கத்தில் தடையில்லை. கோதுமை, பார்லி, ரை என்றாலோ, ‘மால்ட்’ என்று மட்டும் இருந்தாலோ, இரண்டாம் கேள்விக்குக் கட்டாயம் போக வேண்டும். வேறு தானியத்தின் பெயர் குறிப்பிடப்படாத இடத்தில் மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய பார்லி என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: பீரைப் பிரித்தறிவது

சீலியாக் நோயுள்ளவருக்கு மிகத் தெளிவான ஆபத்து பீர்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பீர் காய்ச்சி வடிக்கப்படுவதில்லை. பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றை ஈஸ்ட் நொதிக்க வைக்கிறது. வடிகட்டப்பட்டாலும் தானியத்தின் புரதத்தில் ஒரு பகுதி குவளை வரைக்கும் வந்துவிடுகிறது. பார்லியின் குளூட்டனுக்கு ஹோர்டீன் என்று பெயர். முளைகட்டும்போதும் நொதிக்கும்போதும் அது துண்டுதுண்டாக உடைகிறது, கொஞ்சம் அடியில் படிகிறது, மிச்சம் கரைந்தே நிற்கிறது. எவ்வளவு மிஞ்சும் என்பது பீரின் வகைக்கும் தயாரிப்பு முறைக்கும் ஏற்ப வெகுவாக மாறுபடும். வெளிர்நிற லாகர் ‘லைட்டானது’ என்பதால் பாதுகாப்பானது என்ற பேச்சில் உண்மையில்லை. கோதுமையும் சேரும் வெண்ணிற பீர் வகைகளில் அளவு மிக அதிகமாக இருக்கும். பல பீர்களில் மால்ட்டோடு அரிசியோ மக்காச்சோளமோ சேர்க்கிறார்கள். அது குளூட்டனைக் குறைக்கலாமே தவிர நீக்கிவிடாது. ஆல்கஹால் நீக்கப்பட்ட பீரிலும் ஆல்கஹால்தான் நீங்கியிருக்கிறது, பார்லி அங்கேயே இருக்கிறது. இலங்கையின் லயன் ஸ்டவுட் போன்ற கறுப்பு பீர்களும் பார்லி மால்ட்டில் உருவானவையே. (இஞ்சி பீர் மட்டும் பெயரளவில்தான் பீர். இலங்கையில் சாராயத்தோடு கலந்து குடிக்கும் அந்தப் புட்டிப் பானம் இஞ்சிச் சுவையுள்ள குளிர்பானம்தான். ஆனாலும் லேபிளைப் பார்த்துவிடுவது நல்லது.)

குளூட்டன் சார்ந்த பெயரோடு வரும் பீர்களில் இரண்டு வகைகள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதல் வகை, குளூட்டன் தானியமே படாமல் செய்யப்படுவது. சோளம், சிறுதானியம், அரிசி, பக்வீட் ஆகியவற்றை மூலப்பொருளாகக் கொண்டவை இவை. பக்வீட்டின் ஆங்கிலப் பெயரில் கோதுமை இருந்தாலும் அது கோதுமைக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அமெரிக்காவின் ரெட்பிரிட்ஜ் சோளத்தில் செய்யப்படுகிறது. சியாட்டிலின் கோஸ்ட்ஃபிஷ், கனடாவின் குளூட்டன்பெர்க், ஆஸ்திரேலியாவின் ஓ’பிரையன் ஆகியவையும் இந்த வகையே. பீர் குடித்தே ஆக வேண்டும் என்பவர் தேட வேண்டியது இவற்றைத்தான்.

இரண்டாம் வகை, வழக்கம்போல் பார்லியில் பீரைச் செய்து, ஒரு நொதியைச் சேர்த்து ஹோர்டீனை வெட்டிக் குறைப்பது. ஸ்பெயினின் டௌரா, அமெரிக்காவின் ஒமிஷன் ஆகியவை இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். பீர் குளிரும்போது கலங்காமல் இருப்பதற்காக மதுவாலைகள் பயன்படுத்திவந்த நொதியே இந்த வேலைக்கும் பயன்படுகிறது. ஆய்வகச் சோதனையில் இவற்றின் குளூட்டன் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே காட்டும்; ஐரோப்பாவில் ‘குளூட்டன் இல்லாதது’ என்றே விற்கவும் முடியும்.

சிக்கல் சோதனையிலேயே இருக்கிறது. புரதத்தின் அளவை அறியப் பயன்படும் வழக்கமான எலைசா என்ற ஆய்வகச் சோதனை, முழுமையான புரதத்தை இரண்டு இடங்களில் பிடித்து அளக்கக்கூடியது. புரதம் சிறு துண்டுகளாகிவிட்டால் அதன் பிடிக்குச் சிக்காது. துண்டுகளை அளப்பதற்கென்று வேறொரு எலைசா முறை இருந்தாலும், அது தரும் எண்ணை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பது இன்னும் தீராத கேள்வி. எந்தத் துண்டு நம் எதிர்ப்பாற்றலைத் தூண்டும், எது தூண்டாது என்பதை எந்தச் சோதனையும் சொல்வதில்லை. 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சீலியாக் நோயுள்ள 31 பேரின் இரத்த மாதிரிகளை இத்தகைய பீரோடு சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு பேரின் எதிர்ப்பொருள்கள் குளூட்டன் நீக்கப்பட்ட பீரில் எஞ்சிய துண்டுகளைப் பற்றிக்கொண்டன. குளூட்டன் தானியமே இல்லாத பீருக்கு அவை அப்படிச் செய்யவில்லை. இரண்டு பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் அந்த இருவரில் ஒருவர் நாமாக இருக்க மாட்டோம் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்பதால், இந்த இரண்டாம் வகையை முழுவதுமாக ஒதுக்கிவிடுவதே சரி என்று நினைக்கிறேன்.

அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பு ரொட்டித் துண்டுக்கும் பொருந்தும், பீருக்கும் பொருந்தும். ஆனால் நாம் ரொட்டியை அரைக் கிலோ கணக்கில் சாப்பிடுவதில்லை, பீரை அந்த அளவில் குடிக்கிறோம். வரம்பின் விளிம்பில் இருக்கும் ஒரு பீரை 330 மில்லி குடித்தால் ஏறத்தாழ 6.6 மில்லிகிராம் குளூட்டன் உள்ளே போகும். இந்தியாவில் வழக்கமான 650 மில்லி பாட்டிலாக இருந்தால் 13 மில்லிகிராம். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்பது பொதுவான கணிப்பு. 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வில் தினமும் 50 மில்லிகிராம் மூன்று மாதம் உட்கொண்டவர்களின் குடல் சேதமடைந்தது. லேபிளில் உள்ள எண் சரியாகவே இருந்தாலும் இரண்டாவது பாட்டில் கணக்கை மாற்றிவிடும்.

பெங்களூரு போன்ற ஊர்களில் அங்கேயே பீர் தயாரித்துப் பரிமாறும் கூடங்களில் கேழ்வரகு பீர், சிறுதானிய பீர் என்ற பெயர்களைப் பார்த்ததும் மகிழ வேண்டாம். அடிப்படை பார்லி மால்ட்டாகவும் கேழ்வரகு சுவைக்காகச் சேர்த்ததாகவும் இருக்கக்கூடும். ‘இதில் கேழ்வரகு இருக்கிறதா?’ என்று கேட்காமல், ‘இதில் பார்லியோ கோதுமையோ கொஞ்சமாவது இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டும்.

நான்காம் படி: காய்ச்சி வடித்தவை

விஸ்கி பார்லியிலோ ரையிலோ கோதுமையிலோ செய்யப்பட்டிருந்தாலும், முறையாகக் காய்ச்சி வடிக்கப்பட்ட சாராயத்தில் குளூட்டன் இருப்பதில்லை. உப்புப் போட்ட ரசம் கொதிக்கும்போது மூடியின் உட்புறத்தில் திரளும் நீர்த்துளியில் உப்பு இல்லாததைப் போல, ஆவியாகாத புரதம் கொதிகலனிலேயே தங்கிவிடுகிறது. மேலே போய்க் குளிர்ந்து சொட்டுவது ஆல்கஹாலும் நீரும் மணப்பொருள்களும்தான். இதே காரணத்தால்தான் காய்ச்சி வடித்த மதுவுக்குப் பயன்பட்ட தானியத்தை ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்கத் தேவையில்லை என்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் விலக்களித்திருக்கிறது. ஆகவே விஸ்கி லேபிளில் கோதுமை என்ற சொல் இல்லாததை வைத்து அது கோதுமையில் செய்யப்படவில்லை என்று முடிவுகட்டக் கூடாது; செய்யப்பட்டிருந்தாலும் கவலையில்லை என்பதே அதன் பொருள்.

அப்படியும் மனம் ஒப்பாதவர்களுக்கு, தானியமே இல்லாத தேர்வுகள் ஏராளம். கரும்புச் சர்க்கரைப்பாகின் கழிவில் செய்யும் ரம், திராட்சையில் வடித்த பிராந்தி, கோவாவின் முந்திரிப்பழ ஃபெனி, இலங்கையின் தென்னஞ்சாராயம், நீலக்கற்றாழை டெக்கீலா, உருளைக்கிழங்கிலோ திராட்சையிலோ செய்த வோட்கா ஆகியவை அந்த வகை. தமிழ்நாட்டில் அதிகம் விற்கும் மலிவு விலை பிராந்தியும் விஸ்கியும்கூடப் பெரும்பாலும் அதே சர்க்கரைப்பாகிலிருந்து வடித்த நடுநிலைச் சாராயத்தை அடிப்படையாகக் கொண்டவைதான். ஐரோப்பியச் சட்டப்படி அதை விஸ்கி என்றே அழைக்க முடியாது என்பது விஸ்கிப் பிரியர்களுக்கு வருத்தமான செய்தியாக இருக்கலாம். சீலியாக் நோயுள்ளவருக்கு அதில் வருந்த ஒன்றுமில்லை.

காய்ச்சி வடித்தவற்றில் உண்மையான ஆபத்து மூன்றாம் கேள்வியில்தான் இருக்கிறது. வடித்த பிறகு சுவையூட்டி, நிறமூட்டி, பாலாடை, மசாலா, பிஸ்கட் சுவை, மால்ட் சாறு என்று எதையும் சேர்க்க முடியும். சுவையூட்டிய வோட்கா, மசாலா ரம், பாலாடை கலந்த லிக்கர் ஆகியவற்றைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்த்து உறுதிசெய்யாமல் வாங்க வேண்டாம். பாலாடை லிக்கருக்கு இன்னொரு காரணமும் உண்டு: சேதமடைந்த குடலால் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் சரியாகச் செரிக்க முடியாமல் போகலாம், அதனால் வரும் வயிற்று உபாதையைக் குளூட்டன் என்று தவறாக நினைத்துவிடலாம். பீர் வைத்திருந்த பீப்பாயில் முதிரவைக்கும் விஸ்கிகளையும் விட்டுவிடலாம். அளவு சிறியதாகவே இருக்கும் என்றாலும், வேறு நூறு விஸ்கிகள் இருக்கும்போது அதையே தேர்ந்தெடுக்க அவசியமில்லை.

புட்டியிலேயே கலந்து விற்கும் இனிப்பு மதுபானங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒரே வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு வேறு பொருளாக இருக்கும். ஸ்மிர்னாஃப் ஐஸ் பிரிட்டனில் வோட்காவை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்காவில் அதே பெயரில் விற்பது மால்ட் பானம். லண்டனில் குடித்துப் பழகிய நம்பிக்கையில் நியூஜெர்சியில் வாங்கிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: வடிக்கப்படாத, தானியமில்லாத மதுக்கள்

திராட்சை ஒயினில் இயல்பாகக் குளூட்டன் இல்லை. ஓக் பீப்பாயின் மூடி இடுக்கை அடைக்கக் கோதுமை மாவுப் பசை பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதிலிருந்து ஒயினுக்கு வருவது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவே. அமெரிக்காவில் ‘கூலர்’ என்று விற்கும் ஒயின் போன்ற பானங்களில் மால்ட் இருக்கலாம். ஆப்பிள் சைடரும் பொதுவாக நல்லதே, ஆனால் குழாயில் பிடித்துத் தரும் சைடர் முன்பு பீர் ஓடிய குழாய் வழியாக வரக்கூடும். புட்டியில் வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

தென்னங்கள்ளிலும் பனங்கள்ளிலும் குளூட்டனுக்கு வழியே இல்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் இது கேரளத்திலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்கான பேச்சுதான். கேரளக் கள்ளுக்கடையில் கள்ளையும் கப்பை எனப்படும் மரவள்ளிக்கிழங்கையும் நம்பலாம். பக்கத்து இலையில் இருக்கும் பரோட்டாவின் மாவு பட்ட கையால் உங்களுக்குப் பரிமாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரிசியில் செய்த மதுவில்தான் பெயர் ஏமாற்றும். ஜப்பானின் சாக்கே பெரும்பாலும் அரிசியிலேயே வளர்த்த பூஞ்சையைக் கொண்டு நொதிக்க வைக்கப்படுவதால் தகும். கொரியாவின் மக்கொல்லி அரிசிக் கள் போலத் தெரிந்தாலும், அதை நொதிக்க வைக்கும் நுருக் என்ற கட்டி மரபாகக் கோதுமையில் செய்யப்படுவது. சீனாவின் ஷாவோஷிங் அரிசி மதுவிலும் கோதுமைக் கட்டியே பயன்படுகிறது. இரண்டும் வடிக்கப்படாதவை, ஆகவே வேண்டாம். இமயமலைப் பயணத்தில் கிடைக்கும் சாங் என்ற நாட்டு மதுவும் இடத்துக்கு இடம் மாறும்: லடாக்கில் பார்லி, சிக்கிமில் பெரும்பாலும் கேழ்வரகு. லடாக்கில் விருந்தோம்பலை மறுக்க மனம் வராதுதான், ஆனால் மறுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆறாம் படி: லேபிளை அந்தந்த நாட்டுச் சட்டத்தோடு படிப்பது

‘குளூட்டன் இல்லாதது’ என்ற ஒரே சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே பொருள் இல்லை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் அதன் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதனையில் அறவே தென்படக் கூடாது, மால்ட் செய்த குளூட்டன் தானியமும் சேரக் கூடாது. எனவே அங்கே அந்தச் சொல்லை நிம்மதியாக நம்பலாம். ஐரோப்பாவில் 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பல பானங்களுக்குப் பொருட்பட்டியல் கட்டாயமில்லை என்றாலும் பீர் லேபிளில் பார்லியைக் குறிப்பிட்டாக வேண்டும். ‘குளூட்டன் இல்லாதது’ என்ற சொல்லுக்குக் கீழேயே ‘பார்லி மால்ட்’ என்றும் இருந்தால், அது நாம் ஒதுக்கிய இரண்டாம் வகை.

அமெரிக்காவில் பெரும்பாலான மது பாட்டில்களில் பொருட்பட்டியல் கட்டாயமில்லை. ஆனால் பார்லி மால்ட் இல்லாமல் செய்யப்படும் பீர், உணவு மருந்து நிர்வாகத்தின் கீழ் வருவதால் அதில் பட்டியல் இருக்கும். பார்லியிலிருந்து குளூட்டனைக் குறைத்த பீரில் ‘குளூட்டனை நீக்கப் பதப்படுத்தியது’ என்ற பொருளில் எழுதியிருப்பார்கள்; குளூட்டன் அளவைச் சரிபார்க்க முடியாது என்ற எச்சரிக்கையும் அதனோடு வரும். அந்த எச்சரிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மதுக்கூடத்தில்

பாட்டிலைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பலர் தடுக்கி விழுவது தொட்டுக்கொள்ள வரும் தட்டில். கோபி மஞ்சூரியனிலும் சில்லி சிக்கனிலும் மைதா மேல்மாவும் கோதுமை சேர்ந்த சோயா சாஸும் இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் தனியாகப் பார்த்தால் குற்றமற்றது, ஆனால் சமோசா பொரித்த அதே எண்ணெயில்தான் அதுவும் பொரியும். நம்மவர்கள் எளிதில் மறப்பது பெருங்காயத்தை. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசிமாவு முறுக்கும் கடலைமாவு மிக்சரும் சுண்டலும் அதனால் கெட்டுப்போகலாம். தோலுரிக்காத வேர்க்கடலை, வெள்ளரி, பழத்துண்டு, உப்பும் மிளகும் மட்டும் போட்ட அவித்த முட்டை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது எளிது.

கலவை மதுவைத் தவிர்த்து, கண்முன் திறந்த பாட்டிலிலிருந்து ஊற்றிய மதுவோடு சோடாவோ தண்ணீரோ சேர்த்துக்கொள்வது பாதுகாப்பானது. கலவைதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு பொருளையும் கேட்டறிய வேண்டும். தக்காளிச் சாற்றோடு வோட்கா சேரும் ப்ளடி மேரியில் ஊஸ்டர் சாஸ் சேரும். லீ அண்ட் பெரின்ஸ் நிறுவனத்தின் ஊஸ்டர் சாஸ் அமெரிக்காவில் சாதாரண வடித்த வினிகரில் செய்யப்படுகிறது, பிரிட்டனில் பார்லி மால்ட் வினிகரில். குவளையைக் கழுவித் தரச் சொல்வதற்கும் தயங்க வேண்டாம். ‘எனக்கு அலர்ஜி’ என்று சொன்னால் நம் ஊரில் சட்டென்று புரிந்துகொள்வார்கள். சீலியாக் ஒவ்வாமை அல்ல என்ற மருத்துவ நுணுக்கத்தை அந்த இரைச்சலில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எட்டாம் படி: பிறகு கவனிப்பது

குடித்த பின் ஒன்றும் செய்யவில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. சீலியாக் நோயுள்ள பலருக்கு வெளியில் அறிகுறியே இல்லாமல் உள்ளே குடல் சேதமடையும். மறுபுறம், வயிறு உப்பிவிட்டது என்பதால் குளூட்டன்தான் என்றும் சொல்லிவிட முடியாது. சைடரில் உள்ள சார்பிட்டால், ஒயினின் சல்ஃபைட், வெறும் ஆல்கஹாலின் அளவு என்று வேறு காரணங்களும் உண்டு. அறிகுறிகளைவிட நம்பத்தக்க அளவுகோல், மருத்துவர் குறிப்பிட்ட இடைவெளியில் செய்யும் டி.டி.ஜி. என்ற எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனை. உணவு முழுக்கச் சரியாக இருந்தும் அந்த எண் இறங்காமல் நின்றால், எந்த மதுவை, எந்தப் பெயரில், எங்கே, எவ்வளவு அருந்துகிறீர்கள் என்பதைப் பாட்டிலின் படத்தோடு மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ காட்டுங்கள். காரணம் பிடிபடும்வரை மதுவை முற்றிலும் நிறுத்திவிட்டு, அடுத்த பரிசோதனைக்குப் பிறகு, அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வகையாக, மீண்டும் சேர்க்கலாம்.